ஜெர்மனியில் இருந்துகொண்டு ஊர்க் கீபோர்டு உள்ள லேப்டாப் வாங்குவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஆஹென் நகரத்தில் முதுகலை படிக்கிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கின்றன, என்டர் பூதம் மாதிரி நிற்கிறது, கண்ட்ரோல் என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. படிப்புக்காகத் தினமும் புரோகிராம் எழுத வேண்டும், வீட்டுக்குத் தமிழிலும் எழுத வேண்டும். அடுத்த மாதம் அண்ணன் வருகிறார். அவரிடம் ஊரில் வாங்கிவரச் சொல்வதா, இங்கேயே வாங்கிக் கீபோர்டை மட்டும் மாற்றிவிடுவதா என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டுமே எனக்குச் சிறந்த வழியாகத் தெரியவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால், ஜெர்மன் கீபோர்டு உண்மையில் எந்த இடத்தில் தொந்தரவு தரும், எந்த இடத்தில் தராது என்பதைப் பார்த்துவிடலாம். பணம் எவ்வளவு செலவு செய்யலாம் என்பது அதைப் பொறுத்துத்தான்.

நான் பன்னிரண்டு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். அதில் எட்டு வருடம் லேப்டாப் பழுது பார்க்கும் வேலை. கீபோர்டு மாற்ற வேண்டும் என்று வந்த நம் ஊர் மாணவர்களில் பாதிப் பேரை, மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கீபோர்டில் இரண்டு விஷயங்கள் உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, விசையின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்து. மற்றொன்று, விசைகளின் உருவமும் எண்ணிக்கையும். நீங்கள் ஒரு விசையை அழுத்தும்போது, கீபோர்டு 'ஒய்' என்றோ 'இசட்' என்றோ சொல்வதில்லை. 'இந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது' என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. அதை எந்த எழுத்தாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வது விண்டோஸோ லினக்ஸோதான். ஆகவே ஜெர்மன் லேப்டாப்பை வாங்கி, விண்டோஸ் அமைப்பில் ஆங்கில மொழியைச் சேர்த்து, கீபோர்டாக 'யுஎஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த நொடியிலிருந்து எழுத்துகள் எல்லாம் ஊரில் இருந்த இடத்துக்கே வந்துவிடும். மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சரி. ஜெர்மன் கீபோர்டைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தெரியாமல் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்து அழுந்தும்போது அது திரும்பி வந்து நிற்கும், ஏன் என்று புரியாமல் விழிப்பீர்கள்.

உருவத்தை இப்படி மாற்ற முடியாது. இந்தியாவில் விற்கும் லேப்டாப்புகள் பெரும்பாலும் அமெரிக்க உருவத்தில் இருக்கும். இதை ஆன்சி என்பார்கள். என்டர் ஒரே வரிசையில் படுத்தவாறு நீளமாக இருக்கும், அதற்கு மேலே \ விசை, இடது ஷிப்ட் நீளமாக இருக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் ஐஎஸ்ஓ உருவம். என்டர் இரண்டு வரிசை உயரத்துக்கு நிற்கும், இடது ஷிப்ட் குட்டையாகி, அதற்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு விசை கூடுதலாக நுழைந்திருக்கும். எழுத்துகளை யுஎஸ் என்று மாற்றிய பிறகும் இந்த இரண்டு இடங்களில் கை தடுமாறும். \ அடிக்கப் போன விரல் என்டரின் மேல் பாதியில் விழும், பாதி எழுதிய செய்தி பறந்துவிடும். பெரிய எழுத்துக்காக ஷிப்ட் அழுத்தப் போன சுண்டுவிரல் அந்தக் கூடுதல் விசையில் விழும், விண்டோஸில் அது இன்னொரு \ ஆக வந்து நிற்கும். இரண்டாவது தொல்லைக்கு மருந்து உண்டு. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற தொகுப்பில் விசைகளின் வேலையை மாற்றும் வசதி இருக்கிறது, அந்தக் கூடுதல் விசையையும் ஷிப்ட் ஆக்கிவிடலாம். என்டரின் உருவத்துக்கு அப்படி மருந்து எதுவும் இல்லை, கைதான் பழக வேண்டும்.

எனவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பீர்களா, பார்த்து அடிப்பீர்களா? பார்க்காமல் அடிப்பவர் என்றால் ஜெர்மன் லேப்டாப்பில் யுஎஸ் அமைப்பு வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் நிம்மதியாகிவிடலாம். பார்த்து அடிப்பவருக்கு அது நரகம். எழுத்துகளில் ஒய், இசட் இரண்டு மட்டும்தான் மாறியிருக்கும், அது பெரிதில்லை. குறிகள்தான் ஏறக்குறைய எல்லாமே மாறியிருக்கும். எட்டாம் எண்ணுக்கு மேல் அச்சில் ( இருக்கும், அழுத்தினால் * வரும். கொஞ்ச நாளில் எதையும் நம்ப முடியாமல் போய்விடும்.

யுஎஸ் அமைப்பு வேண்டாம், ஜெர்மன் அமைப்பிலேயே பழகிவிடலாமா என்று கேட்டால், கட்டுரையும் மின்னஞ்சலும் எழுதுபவருக்குத் தாராளமாகப் பழகலாம் என்பேன். ஜெர்மனில் இசட் அடிக்கடி வரும், ஒய் அபூர்வம், அதனால்தான் இசட்டை மேல் வரிசைக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். அந்த மொழியில் எழுதும்போது அது வசதியாகத்தான் இருக்கிறது. புரோகிராம் எழுதுபவருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். { வேண்டுமானால் ஸ்பேஸுக்கு வலப்பக்கம் உள்ள ஆல்ட்-ஜிஆர் விசையோடு 7, [ வேண்டுமானால் 8, ] க்கு 9, } க்கு 0. வலது கட்டைவிரல் ஆல்ட்-ஜிஆரில் இருக்கும்போதே அதே கையை மேல் வரிசைக்கு நீட்ட வேண்டும். ஒரு நாளில் இதை எத்தனை முறை அடிப்போம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் புரோகிராமர்களிலேயே சிலர் இதற்காக யுஎஸ் கீபோர்டு தேடி வாங்குகிறார்கள். இன்னொரு கொடுமை: செய்ததைத் திரும்பப் பெற கண்ட்ரோலும் கீழ் இடது மூலை விசையும் என்று நம் கைக்குப் பழக்கம். ஜெர்மன் அமைப்பில் அந்த மூலையில் இருப்பது ஒய். பல நிரல்களில் அது நேர் எதிரான வேலையைச் செய்யும்.

தமிழைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதில் நல்ல செய்தி உண்டு. தமிழ்99 பழகியவர் என்றால் எந்த நாட்டு லேப்டாப் ஆனாலும் உங்களுக்கு ஒன்றுதான். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அந்த அமைப்பு விசையின் இடத்தை வைத்து வேலை செய்வது, ஆங்கில எழுத்து அதற்குத் தேவையே இல்லை. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு என்ற ஒழுங்கு அப்படியே இருக்கும். அச்சைப் பார்த்தால்தான் வேடிக்கை: ஜெர்மன் கீபோர்டில் இரட்டைப் புள்ளி வைத்த மூன்று எழுத்துகள் வலப்பக்கம் இருக்குமே, அந்த இடங்களில்தான் ச, ந, ய வரும். 'இசட்' என்று அச்சிட்ட விசை ள. கோடு போட்ட விசை ழ. நான் இந்த லேப்டாப்பிலும் ஊரில் அப்பாவின் கணினியிலும் ஒரே மாதிரி அடிக்கிறேன். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் பெறும் முறை என்றால் கவனம் வேண்டும். அந்தச் செயலிகள் பலவும் அடியில் உள்ள அமைப்பு தரும் எழுத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அடியில் ஜெர்மன் இருந்தால், 'தமிழ்' என்று பழக்கத்தில் அடிக்கும்போது இசட்டுக்குப் பதில் ஒய் போய், திரையில் 'தமிய்' என்று வரும். இங்கே வந்த முதல் வாரம் அம்மாவுக்கு அனுப்பிய கடிதம் முழுவதும் எனக்கு அப்படித்தான் இருந்தது. அடியில் யுஎஸ் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

சரி, வாங்குவதற்கு வருவோம். அண்ணன் கொண்டுவரும் வழியில் செலவு ஒளிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்தில் வருபவர், தம் உபயோகத்துக்கோ பரிசாகவோ 430 யூரோ மதிப்பு வரையுள்ள பொருள்களைத்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் உள்ள புது லேப்டாப் அந்த எல்லையைத் தாண்டிவிடும். தாண்டினால் மிச்சத்துக்கு மட்டும் வரி என்று இல்லை, ஒரே பொருளைப் பிரிக்க முடியாததால் முழு மதிப்புக்கும் கணக்கு. லேப்டாப்புக்குச் சுங்கவரி பூஜ்யம்தான், ஆனால் இறக்குமதி மதிப்புக் கூட்டு வரி 19 சதவீதம் உண்டு. விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய் அறிவித்துக் கட்ட வேண்டும். 'பெட்டியைப் பிரித்துவிட்டால் பழையது என்று நினைப்பார்கள்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாட்டிக்கொள்பவர் அண்ணன். கூரியரில் அனுப்புவது இதைவிட மோசம். தனியார் பரிசுக்கு வரம்பு 45 யூரோதான், வரிக்கு மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் வேறு, லித்தியம் பேட்டரி என்று வழியிலேயே தடுத்துவைப்பதும் உண்டு. எல்லாம் தாண்டி வந்து சேர்ந்தாலும் வாரண்டிச் சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பல மாடல்களின் வாரண்டி இந்தியாவுக்குள் மட்டும். சில உயர்விலை அலுவலக மாடல்களுக்கு மட்டும் உலக அளவில் தருகிறார்கள். வாங்கும் முன் அந்த மாடலின் வாரண்டித் தாளைப் படித்தால்தான் தெரியும். இங்கே கடையில் வாங்கினால், விற்றவர் சட்டப்படி இரண்டு வருடம் குறைபாட்டுக்குப் பொறுப்பு. ஒரு மாணவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இங்கே வாங்கிக் கீபோர்டை மட்டும் மாற்றுவது, மாடலைப் பொறுத்தது. லெனோவோவின் பழைய திங்க்பேட் வகைகளில் அடியில் இரண்டு திருகு, ஒரு ரிப்பன் கேபிள், அரை மணி நேர வேலை. கீபோர்டோடு அதன் சட்டமும் சேர்ந்தே வருவதால் உருவமும் மாறிவிடும். இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் அப்படியில்லை. கீபோர்டை, அதைச் சுற்றியிருக்கும் மேல்மூடியோடு சிறு சிறு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். அதைப் பிய்த்துப் புதிதை ஒட்டலாம், ஆனால் பழைய உறுதி வராது. அதோடு மேல்மூடியில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனித் துளை வெட்டியிருக்கும். நின்ற என்டருக்கு வெட்டிய துளையில் படுத்த என்டர் பொருந்தாது. கீபோர்டு மட்டும் முப்பது யூரோவுக்குக் கிடைக்கிறது என்று வாங்கி வந்து, பொருந்தாமல் மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவர்கள் நிறைய. அந்த மாதிரி மாடல்களில் மேல்மூடியையே மாற்ற வேண்டும், மேக்புக் சிலவற்றில் பேட்டரியும் சேர்ந்தே மாறும். அந்தச் செலவுக்கு வேறு லேப்டாப் பார்க்கலாம். புது லேப்டாப்பில் இதைச் செய்யவே செய்யாதீர்கள், ஏதாவது உடைந்தால் விற்றவர் ஏற்க மாட்டார்.

ஸ்டிக்கர் மலிவானது. பார்த்து அடிப்பவருக்குக் கொஞ்ச நாள் உதவும். கறுப்பு அடிப்பரப்பு உள்ள, முழு விசையையும் மூடுகிற வகையை வாங்குங்கள். ஒளி ஊடுருவும் வகையில் இரண்டு எழுத்தும் ஒன்றாகத் தெரிந்து கண் வலிக்கும். சிலிக்கான் உறை வேண்டாம், திரையை மூடும்போது தடம் விழும், சூடும் வெளியேறாது. வீட்டு மேசையில்தான் அதிக நேரம் என்றால், இருபது முப்பது யூரோவுக்கு யுஎஸ் உருவத்தில் தனிக் கீபோர்டு வாங்கி, லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. கழுத்துக்கும் நல்லது.

இப்போது மூன்றாவது வழி. நீங்கள் இருப்பது ஆஹென். நெதர்லாந்து எல்லை நடந்து போகும் தூரம், மாஸ்ட்ரிக்ட் நகரத்துக்கு நேர் பேருந்து இருக்கிறது. நெதர்லாந்தில் மக்கள் வழக்கமாகப் பயன்படுத்துவதே அமெரிக்கக் கீபோர்டுதான். அங்கே கடையில் சாதாரணமாக அடுக்கி வைத்திருக்கும் விண்டோஸ் லேப்டாப்புகள் பெரும்பாலும் நம் ஊர் உருவத்தில், படுத்த என்டரோடு இருக்கும். ஐந்தாம் எண்ணில் € அச்சிட்டிருக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்பதால் சுங்கம் கிடையாது, இரண்டு வருடப் பொறுப்பு அங்கேயும் உண்டு. கடைக்கு நேரில் போய் அடித்துப் பார்த்தே வாங்கலாம். பெர்லின் பக்கம் இருப்பவர்கள் இதே போல் போலந்தைப் பார்க்கலாம். அங்கேயும் லேப்டாப்புகள் அமெரிக்க உருவத்தில்தான் வரும், போலிஷ் எழுத்துகளை ஆல்ட்-ஜிஆர் சேர்த்து அடிப்பார்கள். பெல்ஜியமும் ஆஹெனுக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே போகாதீர்கள். அங்கே பிரெஞ்சு வழிக் கீபோர்டு. ஏயும் க்யூவும் இடம் மாறி, எண்ணுக்கே ஷிப்ட் அழுத்த வேண்டும். பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 2021லிருந்து அது வரி எல்லைக்கு வெளியே போய்விட்டது. அதோடு அங்கேயும் என்டர் நின்ற உருவம்தான், @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும்.

நெதர்லாந்து லேப்டாப்பில் ஒரே ஒரு பொறி உண்டு. விண்டோஸ் அதில் 'யுஎஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்போடு வரலாம். அதில் மேற்கோள் குறியை அடித்தால் உடனே வராது, அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்து அதன் தலையில் புள்ளியோ கோடோ போடப் பார்க்கும். புரோகிராம் எழுதும்போது இது பைத்தியம் பிடிக்க வைக்கும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று பதறாமல், அமைப்பில் வெறும் 'யுஎஸ்' என்பதைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் இன்டர்நேஷனலையும் முழுவதும் நீக்க வேண்டாம். வேலைக்கு ஜெர்மனில் விண்ணப்பம் எழுதும்போது அது கைகொடுக்கும். ஆல்ட்-ஜிஆரோடு க்யூ, பி, ஒய் அழுத்தினால் இரட்டைப் புள்ளி வைத்த ஏ, ஓ, யு வரும், எஸ் அழுத்தினால் எஸ்ஸெட் (ß) வரும். இரண்டுக்கும் நடுவில் மாறிக்கொள்ளலாம்.

ஜெர்மனியிலேயே ஆன்லைனில் வாங்குவதும் முடியும். ஆப்பிளின் ஜெர்மன் ஆன்லைன் கடையில் மேக்புக் வாங்கும்போது கீபோர்டு மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் 'ஆங்கிலம் யுஎஸ்ஏ' என்பதையே எடுங்கள். 'ஆங்கிலம் இன்டர்நேஷனல்' என்பது ஆப்பிளில் நின்ற என்டர் உள்ள உருவம். பெயர் ஒன்று போல இருந்தாலும் நெதர்லாந்து விண்டோஸ் லேப்டாப்பில் உள்ளதும் இதுவும் வேறு வேறு. லெனோவோவின் தளத்தில், நாமே பாகம் தேர்ந்தெடுத்து வாங்கும் திங்க்பேட் மாடல்கள் சிலவற்றில் இந்தத் தேர்வு இருக்கிறது. ஃப்ரேம்வொர்க் லேப்டாப்பில் கீபோர்டோடு கூடிய மேல்மூடியைத் தனியாகவே விற்கிறார்கள், நாமே கழற்றி மாட்டலாம். ஆக்ஸ்பர்க் நகரத்தில் உள்ள டக்ஸீடோ என்ற நிறுவனம் லினக்ஸ் லேப்டாப்புகளுக்குப் பல மொழிக் கீபோர்டு தருகிறது. ஆன்லைன் கொள்முதலுக்கு 14 நாள் திருப்பித் தரும் உரிமை சட்டப்படி உண்டு. ஆனால் வாங்குபவருக்கென்றே தனியாகச் செய்த பொருளுக்கு அது பொருந்தாது. கீபோர்டு மொழியைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கணக்கில் சேருமா என்று கடைக்காரர்கள் சிலர் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் குறைவு என்றால் புதுப்பித்த அலுவலக லேப்டாப் நல்ல யோசனை. அதில்தான் ஏமாற்றமும் அதிகம். பல நாடுகளிலிருந்து மொத்தமாக வாங்கி, ஜெர்மன் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். விளம்பரத்தில் 'ஜெர்மன்' என்று இருந்தாலும் அடியில் அமெரிக்கக் கீபோர்டாக இருக்கலாம், உங்களுக்கு அது அதிர்ஷ்டம். தலைகீழாகவும் நடக்கும். எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பெரிதாக்கி இடது ஷிப்டைப் பாருங்கள். ஷிப்டுக்கும் கீழ் வரிசையின் முதல் எழுத்துக்கும் நடுவில் விசை இல்லை என்றால் நம் ஊர் உருவம். நான் எட்டு வருடத்தில் இந்த ஒரு அடையாளம் தவறிப் பார்த்ததில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வரும் சனிக்கிழமை மாஸ்ட்ரிக்ட் போய்ப் பார்ப்பேன். அண்ணனிடம் லேப்டாப்புக்குப் பதில் வேறு ஏதாவது கேட்பேன், கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவர எவ்வளவோ இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக ஆய்வகக் கணினிகள் எல்லாம் ஜெர்மன் கீபோர்டில்தான் இருக்கும், அதிலிருந்து தப்ப முடியாது. @ குறிக்கு ஆல்ட்-ஜிஆரும் க்யூவும் என்பதையும், கண்ட்ரோல் என்பதற்கு எஸ்-டி-ஆர்-ஜி என்று எழுதியிருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லில் ஒய், இசட், விசித்திரமான குறிகள் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஆய்வகக் கணினியில் நீங்கள் சரியாக அடித்ததாக நினைப்பீர்கள், அது வேறு எழுத்தாகப் போகும், திரையில் வெறும் புள்ளிதான் தெரியும். மூன்று முறை தவறி, தேர்வு நாளன்று கணக்கு பூட்டிக்கொண்ட ஒரு மாணவரை எனக்குத் தெரியும். அவர் கடவுச்சொல்லில் இருந்தது ஒரே ஒரு இசட்.